உபயம் எழுதிய ஸ்பீக்கர்

எங்கள் கம்பெனியில் என்னை ‘லெக்கா மேடம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். கன்னடத்தில் லெக்கா என்றால் கணக்கு. வரவு செலவு பார்க்கிறவர் வேறொருவர் இருந்தார்; அந்தப் பட்டம் எனக்கு வந்துவிட்டதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்கூட உண்டு. நான் எஞ்சினியர். ஒலிபெருக்கிகளுக்கான டிஜிட்டல் ஃபில்டர்களை உருவாக்குவது என் வேலை. ஆனால் பார்க்கிறவர்கள் கண்ணுக்கு நான் காலையிலிருந்து மாலை வரை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எண்களைத் தட்டிக்கொண்டிருக்கும் பெண், அவ்வளவுதான். மற்றவர்கள் சாயங்காலம் கிளம்பும்போது இன்றைக்கு முடித்த ஆம்ப்ளிஃபையர்களைக் கையால் தொட்டுக் காட்டலாம். என்னிடம் தொட்டுக் காட்ட ஒன்றும் இருக்காது. “இவத்து எஷ்டு லெக்கா ஆய்த்து மேடம்?” என்பார்கள், இன்றைக்கு எத்தனை கணக்கு முடிந்தது என்று. “உன் சம்பளத்தைவிடக் கொஞ்சம் ஜாஸ்தி” என்று நானும் திருப்பிக் கொடுப்பேன். சிரித்துக்கொண்டேதான் சொல்வேன். உள்ளுக்குள் சுருக்கென்று இருக்கும்.

மைசூர் தொழிற்பேட்டையில் தகரக் கூரை போட்ட இடம் அது. கோயில், பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம் எல்லாவற்றுக்கும் ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கரும் செய்தோம். முதலாளி கொள்ளேகாலம் பக்கத்து விவசாயக் குடும்பம். வீட்டிலும் என்னோடும் கொங்குத் தமிழ், பட்டறையில் கன்னடம், வெளியூர் போன் வந்தால் மட்டும் சத்தமான இங்கிலீஷ். நல்ல மனுஷர். என்னை ‘அம்மிணி’ என்றுதான் கூப்பிடுவார். அவரிடம் இரண்டு பழக்கங்கள் இருந்தன. எந்தப் புதுச் சரக்கானாலும் முதல் பீஸ் சாமிக்கு. இரண்டாவது, கெட்ட மாதத்தில் புதிதாக எதையும் ஆரம்பிக்கக் கூடாது.

அதில் என்ன வம்பு என்றால், கன்னடக்காரர்களுக்கு ஆஷாடம் ஆகாது, நமக்கு ஆடி ஆகாது. இரண்டும் ஒன்றல்ல. ஆஷாடம் முன்னால் வந்துவிடும். அது முடிவதற்குள் ஆடி பிறந்துவிடும். மற்றவர்கள் ஏதாவது ஒன்றைப் பார்ப்பார்கள். எங்கள் முதலாளி இரண்டையும் பார்த்தார். “இந்த ஊரு சோத்தைத் திங்கறம், ஆஷாடம் பாக்காம இருக்க முடியுமா அம்மிணி? அதுக்காவ ஆடியை உட்டுப்போடலாமா?” என்பார். அதனால் வருஷத்தில் இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் குறைவாக எங்கள் கம்பெனியில் புதிதாக ஒரு ஸ்டேப்ளர்கூட வாங்க முடியாது.

நான் சொல்லப்போகும் விஷயம் எங்கள் பேட்டையில் இருந்த மாரியம்மன் கோயிலில் தொடங்கியது. மில்லுக்கும் கட்டட வேலைக்கும் என்று வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் கட்டிய கோயில். எங்கள் வீடும் அதே தெருவில்தான். பூசாரிக்கு மைக் என்றால் உயிர். அர்ச்சனைக்குத் தட்டு வாங்கியதும் பெயர், நட்சத்திரம் எல்லாவற்றையும் மைக்கில் சொல்லித்தான் அர்ச்சனை செய்வார். எந்த வீட்டுப் பையனுக்கு என்ன நட்சத்திரம் என்பது தெருவுக்கே மனப்பாடம். கோயிலுக்கு எதிரே ஒரு சிறிய மருத்துவமனை. அதன் மாடி முழுக்கப் பிரசவ வார்டு. கோயில் கோபுரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் அந்த மாடி ஜன்னல்களைப் பார்த்துத்தான் கத்தும். டாக்டரம்மா வந்து சத்தத்தைக் குறையுங்கள் என்று கேட்டார். குறைத்தால் தெருக்கோடியில் பூக்கடைப் பக்கம் நிற்கிறவர்களுக்கு ஒன்றும் கேட்காது என்று கோயில்காரர்கள் சொன்னார்கள். இரண்டு தரப்பும் சொன்னது சரிதான். எனக்கு அந்தச் சண்டை பிடித்துவிட்டது. எங்கே கேட்க வேண்டுமோ அங்கே கேட்க வேண்டும், மாடியில் கேட்கக் கூடாது. இதைச் செய்துகாட்டினால் என்ன என்று தோன்றியது.

செய்தேன். ஒன்றின் மேல் ஒன்றாகச் சிறிய ஸ்பீக்கர்களை அடுக்கி ஒரு தூணாக வைத்தால், சத்தம் மேலும் கீழும் சிதறாமல் ஒரு பாய் விரித்த மாதிரி முன்னால் போகும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் கனத்த குரலுக்கும் கீச்சுக் குரலுக்கும் அந்தப் பாய் ஒரே மாதிரி விரியாது. கனத்த குரலுக்குத் தடித்துவிடும், கீச்சுக் குரலுக்கு மெலிந்துவிடும். அதனால் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனியாக ஒரு டிஜிட்டல் ஃபில்டர் வைத்தேன். கனத்த ஒலியை எல்லா ஸ்பீக்கரும் சேர்ந்து பேசும். ஒலி மேலே ஏற ஏற ஓரத்தில் இருப்பவை வாயை மூடிக்கொள்ளும், நடுவில் இருப்பவை மட்டும் பேசும். ஒவ்வொன்றுக்கும் மிகச் சிறிய ஒரு தாமதமும் உண்டு. அந்தத் தாமதத்தால் பாய் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாயும், கூட்டத்தின் தலைக்கு நேராக. எந்த ஸ்பீக்கர் எந்த ஒலியை எவ்வளவு சத்தமாக, எவ்வளவு தாமதமாகச் சொல்ல வேண்டும் என்பதுதான் நான் போட்ட எண்கள். ஒரு சிப் அந்த எண்களை வைத்து ஓயாமல் பெருக்கிக் கூட்டிக்கொண்டே இருக்கும்.

எண்கள் இருப்பது இன்னொரு சிப்பில். அந்தக் காலத்து மெமரி சிப்பின் தலையில் சின்னக் கண்ணாடி ஜன்னல் இருக்கும். புற ஊதா விளக்கில் காட்டினால் உள்ளே எழுதியது அழிந்துவிடும். வெயில் பட்டாலும் நாளடைவில் அழியும். அதனால் ஜன்னலை மூடி ஒட்ட வேண்டும். அதற்கென்று வாங்கிய ஸ்டிக்கர்கள் தீர்ந்துபோனதும் நான் என் ஸ்டிக்கர் பொட்டை ஒட்டினேன். பெரிய சைஸ் வெல்வெட் பொட்டு அந்த ஜன்னலுக்கு அளவெடுத்துச் செய்தது போல இருந்தது. பட்டறையில் சிரித்தார்கள். முதலாளி மட்டும் ரொம்ப லட்சணமாக இருக்கிறது என்றார்.

கம்பெனி குடோனைக் காலி செய்து தூணை நிறுத்தினோம். முதலாளி முன்னாலிருந்து கடைசி வரை நடந்து பார்த்தார். பிறகு ஏணி போட்டு மேலே ஏறினார். ஏற ஏறச் சத்தம் அடங்கியது. உச்சிப் படியில் நின்றுகொண்டு கீழே என்னைப் பார்த்தார்.

“அம்மிணி, இதுக்குப் பேட்டண்ட் எடுக்கோணும்” என்றார்.

லெக்கா மேடத்தின் லெக்காவுக்குப் பேட்டண்ட். அதுவரை அந்த வார்த்தையை நான் புத்தகத்தில்தான் பார்த்திருந்தேன்.

சென்னையில் ஒரு பேட்டண்ட் ஏஜென்டைப் பிடித்தோம். போனிலேயே அவர் அவசரப்படுத்தினார். உடனே விண்ணப்பம் போட்டுவிட வேண்டும், போடும்வரை வெளியாள் யாருக்கும் காட்டக் கூடாது. முன்பே ஊரார் முன்னால் பயன்படுத்திய பொருளைப் புதியது என்று சட்டம் ஒத்துக்கொள்ளாது என்றார். முதலாளி காலண்டரைப் பார்த்தார். ஆஷாடம் பிறந்திருந்தது.

“ஆவணி பொறக்கட்டும்” என்றார்.

“அதுக்குள்ள வேற யாராவது முந்திக்கிட்டா சார்?”

“ஆஷாடத்துல எவன் அம்மிணி முந்துவான்?”

“அமெரிக்காக்காரனுக்கு ஆஷாடம் இல்லை சார்.”

அவர் சிரித்தாரே தவிர அசையவில்லை. அதைவிடப் பெரிய கூத்து ஆடி முதல் வெள்ளிக்கிழமை நடந்தது. ஆடியில் புதுத் தொழில் ஆகாது; ஆனால் ஆடி அம்மனுடைய மாதம், அம்மனுக்குச் செய்வது தடையில்லை. முதல் பீஸ் சாமிக்கு. ஆக, விண்ணப்பம் போடாத அந்தத் தூணைத் தூக்கிக்கொண்டுபோய் ஊரே கூடுகிற ஆடி வெள்ளியில் மாரியம்மன் கோயில் வாசலில் நிறுத்திவிட்டார். வெளியாளுக்குக் காட்டக் கூடாது என்று ஏஜென்ட் சொன்னாரே என்றேன். “அம்மன் என்ன வெளியாளா?” என்று கேட்டார். இதற்கு எந்தச் சட்டப் புத்தகத்தில் பதில் இருக்கிறது?

அதோடு விட்டாரா? கோயில் டியூப்லைட்டில் எழுதுவது போல, தூணின் பக்கவாட்டில் பெயின்டரைக் கூப்பிட்டு ‘உபயம்’ என்று போட்டு, கம்பெனிப் பெயரும் தேதியும் தமிழிலும் கன்னடத்திலும் எழுதவைத்தார். சிவப்பு எழுத்து, மஞ்சள் பார்டர். சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டினார்கள்.

அன்று சாயங்காலம் அர்ச்சனை ஆரம்பித்த சிறிது நேரத்தில் தூண் ஊளையிட்டது. தெருவை அடைத்துத் தகரப் பந்தல் போட்டிருந்தார்கள். காலிக் குடோனில் நான் போட்ட எண்களுக்குத் தகரமும் தெரியாது, கூட்டமும் தெரியாது. சத்தம் தகரத்தில் மோதி, திரும்பிப் பூசாரியின் மைக்கிலேயே விழுந்தது. பூசாரி சூடுபட்டவர் போல மைக்கைக் கீழே போட்டார். எதிர் மாடியில் ஜன்னல்கள் படபடவென்று திறந்தன. முதலாளி கைகூப்பியபடியே நின்றார், முகம் சுண்டிப்போயிருந்தது. என் எண்கள் தோற்றதைவிட அந்த முகத்தைப் பார்ப்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அந்த ஆடி முழுக்க நான் கோயிலே கதி என்று கிடந்தேன். வேலை முடிந்ததும் அளக்கிற மைக்கோடு கூட்டத்துக்குள் நுழைந்துவிடுவேன். முன் வரிசை, நடு, பூக்கடை என்று ஒவ்வொரு இடமாக நின்று அளப்பேன். “கேசட் போடறீங்களாக்கா?” என்று பெண்கள் கேட்பார்கள். காலையில் கம்பெனிக்குப் போய் எண்களைத் திருத்தி, புதுச் சிப்பில் எழுதி, பொட்டு ஒட்டி, சாயங்காலம் கொண்டுவந்து சொருகுவேன். ஆள் இல்லாத இடத்தில் இதைச் செய்யவே முடியாது. மனித உடம்பும் சேலையும் சத்தத்தைக் குடிக்கும். கூட்டம் நிறைந்த பந்தல் ஒரு இடம், காலிப் பந்தல் முற்றிலும் வேறு இடம். ஒருநாள் யாரோ வேண்டுதல் என்று தூணுக்கு ஆள் உயரத்துக்குச் சாமந்தி மாலை போட்டுவிட்டார்கள். மேல் ஸ்பீக்கர்கள் பாதி மூடிப்போயின. எடுக்கலாமா என்று கேட்டேன். சாமிக்குப் போட்டதை எடுக்கக் கூடாது என்றார் பூசாரி. சரி என்று மாலையையும் சேர்த்து எண் போட்டேன்.

ஆடி முடிய இருந்த ஒரு வெள்ளிக்கிழமை, அர்ச்சனை ஜோராக நடந்துகொண்டிருந்தபோது எதிர் மருத்துவமனை நர்ஸ் இறங்கி வந்தார். “இவத்து பூஜை இல்வா மேடம்?” என்று கேட்டார். இன்றைக்குப் பூஜை இல்லையா என்று! மாடியில் குழந்தைகளும் தாய்மார்களும் தூங்கிக்கொண்டிருந்தார்களாம், அதனால் கேட்டாராம். நான் பூக்கடைப் பக்கம் நின்றிருந்தேன். என் காதில் ஒவ்வொரு நட்சத்திரமும் துல்லியமாக விழுந்துகொண்டிருந்தது. என் வாழ்க்கையில் அதற்குமுன் அப்படி ஒரு கர்வம் எனக்கு வந்ததில்லை. வீட்டுக்குப் போய் என் கணவரிடம் சொல்லிச் சொல்லி அவரைச் சாப்பிடவிடவில்லை.

ஆவணி பிறந்தது, விண்ணப்பம் போனது. விண்ணப்பதாரர் கம்பெனி. அதில் ‘உண்மையான முதல் கண்டுபிடிப்பாளர்’ என்று ஒரு இடம் இங்கிலீஷில் இருக்கும். அங்கே யார் பெயர் என்று ஏஜென்ட் கேட்டபோது முதலாளி ஒரு நொடிகூட யோசிக்காமல் என் பெயரைச் சொன்னார். அந்த ஒரு வரியை நான் எத்தனை முறை படித்திருப்பேன் என்று கேட்காதீர்கள்.

பேட்டண்ட் ஆபீஸ் தன் நிதானத்தில் நகர்ந்தது. ஒருவழியாக ஏற்றுக்கொண்டு, யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று அரசிதழில் போட்டார்கள். உண்டு என்று வந்தது. பெங்களூரில் எங்கள் மாதிரியே ஸ்பீக்கர் விற்கிற பெரிய கம்பெனி ஒன்று. இரண்டு காரணம் சொன்னார்கள். ஒன்று, இது கண்டுபிடிப்பே இல்லை, வெறும் பெருக்கல் கூட்டல். கணக்குக்கு யாரும் பேட்டண்ட் கேட்க முடியாது. இரண்டு, கண்டுபிடிப்பு என்றே வைத்துக்கொண்டாலும், விண்ணப்பம் போடும் முன்பே பொது இடத்தில் பயன்படுத்தியாகிவிட்டது. ஆதாரமாக ஒரு கலர் போட்டோ. எங்கள் தூண்தான். சந்தனமும் குங்குமமுமாக, உபயம், கம்பெனிப் பெயர், தேதி எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. நமக்கு எதிராக நாமே பெயின்டருக்குக் கூலி கொடுத்து எழுதிவைத்த சாட்சி. போட்டோவைப் பார்த்ததும் முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் அழுகை வந்தது.

ஏஜென்ட் ஒரு வழி சொன்னார். விண்ணப்பத்துக்கு முந்தைய ஒரு வருஷத்துக்குள் விண்ணப்பதாரரே சோதனைக்காகப் பொது இடத்தில் பயன்படுத்தியிருந்தால், அந்தச் சோதனையைப் பொது இடத்தில்தான் செய்ய முடியும் என்றால், சட்டம் அதை மன்னிக்கும். அது சோதனைக்காக வைத்ததுதான் என்று முதலாளி சொல்லிவிட்டால் போதும்.

“அம்மனுக்குக் குடுத்ததை டெஸ்ட் பீஸுன்னு சொல்லச் சொல்றீங்களா?” என்றார் முதலாளி. “அத்தனை சனத்து முன்னால உபயம்னு எழுதி வெச்சுப்போட்டு, இப்ப போயி இல்லீங்க, சும்மா டெஸ்டுக்கு வெச்சேன்னு சொன்னா என்ற நாக்கு அழுவிப் போயிரும்.”

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. “சார், உங்களுக்கு வருஷா வருஷம் ஒரு முதல் பீஸ் வரும். எனக்கு இது ஒண்ணுதான்” என்றேன். பேட்டண்ட் போனால் கம்பெனி பிழைத்துக்கொள்ளும். வேறு ஆம்ப்ளிஃபையர் விற்கும். ஆனால் இது வெறும் கணக்கு என்று சர்க்காரே முத்திரை குத்திவிட்டால், பட்டறையில் கேலியாகச் சொன்னது நிஜமாகிவிடும். நான் கடைசிவரை லெக்கா மேடம்தான். அதை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“பொய் மட்டும் சொல்லமாட்டேன் அம்மிணி. நீ கேட்டாலும்” என்றார். அவர் முகமும் வாடித்தான் இருந்தது.

விசாரணைக்கு இருவரும் சதாப்தியில் சென்னைக்குப் போனோம். வழியெல்லாம் நான் அவரோடு பேசவில்லை. மத்தூர் தாண்டும்போது வடை வாங்கி நீட்டினார். வாங்கிக்கொண்டேன். கோபம் வேறு, மத்தூர் வடை வேறு.

மறுநாள் காலை பேட்டண்ட் ஆபீஸில் ஒரு நீள மேஜை. தலைப்பக்கத்தில் தீர்ப்புச் சொல்ல வேண்டிய அதிகாரி. மூக்குக் கண்ணாடியை மூக்கின் நுனியில் வைத்துக்கொண்டு, அதற்கு மேலாக எங்களைப் பார்க்கிறவர். ஒரு பக்கம் பெங்களூர்க் கம்பெனியின் வக்கீல், மறுபக்கம் நாங்கள். வக்கீல் வெண்ணெய் மாதிரி இங்கிலீஷ் பேசினார். ஸ்பீக்கர் பழையது, சிப் பழையது, பெருக்கலும் கூட்டலும் அதைவிடப் பழையது, புதிதாக இருப்பது எண்கள் மட்டும். எண்களுக்குச் சொந்தம் கொண்டாட முடியுமா என்று கேட்டு உட்கார்ந்தார்.

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் இங்கிலீஷில்தான் ஆரம்பித்தேன். கோபம் வந்ததும் தமிழுக்கு வந்துவிட்டேன்.

“வெறும் கணக்குன்னா கரண்ட் போனாலும் அது சரியாத்தான் இருக்கும் சார். பேப்பர்ல எழுதி பீரோவுல வெச்சாலும் சரியா இருக்கும். இது அப்படி இல்லை. கரண்ட் போச்சுன்னா இதுவும் போச்சு. ஏன்னா இது காத்துல வேலை செய்யுது. அந்த எண் இல்லாத தூண் மாடியில இருக்கற குழந்தையை எழுப்பும். அந்த எண் இருக்கற தூண் தூங்கவிடும். கணக்கு யாரையாவது தூங்க வைக்குமா சார்?”

“ஸ்கூல்ல என்னைத் தூங்க வெச்சிருக்கும்மா” என்றார் அதிகாரி. வக்கீல்கூடச் சிரித்துவிட்டார். ஆனால் அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு ஏதோ எழுதிக்கொண்டார். இரண்டு தூணுக்கும் வித்தியாசம் காற்றில் அளந்தால் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்று சொல்லி அளவுகளைக் கொடுத்தேன்.

அடுத்து அந்தப் போட்டோ மேஜைக்கு வந்தது. அதிகாரி அதைத் தள்ளி வைத்தும் கிட்டே வைத்தும் பார்த்தார். பிறகு முதலாளியிடம் நேராகத் தமிழிலேயே கேட்டார். “இதை எதுக்காக அங்க வெச்சீங்க? சோதனைக்கா?”

எங்கள் ஏஜென்ட் மேஜைக்கு அடியில் கையைப் பிசைந்தார்.

“இல்லீங்க சார்” என்றார் முதலாளி. “காணிக்கையாத்தானுங்க குடுத்தேன்.”

வக்கீல் இனிமேல் பேச ஒன்றுமில்லை என்பது போல ஃபைலை மூடினார். ஏஜென்ட் கண்ணை மூடிக்கொண்டார். நான் என் கைப்பையைத் திறந்தேன். அதில் பிளாஸ்டிக் டப்பாவில் அந்த ஆடி மாதத்துச் சிப்புகள் எல்லாம் இருந்தன. ஒன்றையும் அழித்து மறுபடி பயன்படுத்த எனக்கு மனம் வந்ததில்லை. ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் வரிசையாக வைத்தேன். எந்தச் சிப்பில் எந்த எண்கள், அன்றைக்கு என்ன அளவு என்று நாள்வாரியாக எழுதிய நோட்டையும் பக்கத்தில் வைத்தேன். சிவப்புப் பொட்டு, மெரூன் பொட்டு, பச்சைப் பொட்டு.

“இது என்னம்மா?” என்றார் அதிகாரி.

“சார் காணிக்கை குடுத்தது நிஜம். குடுத்த அன்னிக்கே அது ஊளையிட்டதும் நிஜம். பூசாரி மைக்கைக் கீழ போட்டுட்டார். இது முதல் நாள் எண். இது மறுநாள். இது அதுக்கு அடுத்த நாள். ஒவ்வொரு சாயங்காலமும் கூட்டத்துல நின்னு அளந்து, ஒவ்வொரு காலையிலயும் மாத்தினேன். அவர் குடுத்தார், நான் சோதிச்சேன். கூட்டம் இல்லாம இதைச் சோதிக்க முடியாது. அத்தனை பேரை எங்க குடோனுக்கு எப்படிக் கூப்பிடுவேன்?”

அதிகாரி என் நோட்டையும் சிப்புகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். நடுவில் ஒரு பச்சைப் பொட்டுச் சிப்பில் விரலை வைத்து, இந்த நாளில் மட்டும் மேல் ஸ்பீக்கர்களின் எண்கள் ஏன் இப்படித் தாவியிருக்கின்றன என்று கேட்டார்.

“அன்னிக்குத் தூணுக்கு மாலை போட்டுட்டாங்க சார்.”

அப்போது முதலாளி எழுந்து நின்றார். யாரும் அவரைக் கேட்கவில்லை. “சார், நானு அம்மனை டெஸ்ட் பண்ணலீங்க” என்றார். “அம்மன்தான் எங்களை டெஸ்ட் பண்ணுனா. மொத நாளே ஃபெயில் பண்ணிப்போட்டா. இந்த அம்மிணி விடாம நின்னு பாஸ் பண்ணுச்சுங்க. அதைச் சொல்றதுக்கு எனக்கு ஒண்ணும் நாக்கு அழுவாது.”

அவருடைய நெற்றியில் வேர்த்திருந்தது. வழியெல்லாம் அவரோடு பேசாமல் வந்தேனே, அந்தக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. வக்கீல் எழுந்து இது சட்டத்துக்கு உட்பட்ட சாட்சியமே இல்லை என்று ஆட்சேபித்தார். அதிகாரி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். அவர் வாயோரம் மட்டும் கொஞ்சம் துடித்துக்கொண்டிருந்தது.

தீர்ப்பு தபாலில் வந்தது. எண்களை மட்டும் யாரும் சொந்தமாக்கிக்கொள்ள முடியாது என்று எழுதியிருந்தார். அது நியாயம்தான், எனக்கு அதில் வருத்தமில்லை. ஆனால் அந்த எண்களால் காற்றில் போகும் சத்தத்தின் வடிவத்தையே மாற்றுகிற ஒரு தூண், அந்தத் தூணை அப்படி இயக்குகிற முறை, இரண்டும் சேர்ந்து கண்டுபிடிப்புத்தான். எங்கள் உரிமைக் கோரிக்கைகளை அந்த அளவுக்குக் குறுக்கித் திருத்தி எழுதச் சொன்னார். கோயிலில் நடந்தது நியாயமான சோதனை, அதைக் கூட்டத்துக்கு நடுவில்தான் செய்ய முடியும் என்றும் எழுதியிருந்தார். பட்டறை நடுவில் நின்று அதை நான் கன்னடத்தில் உரக்கப் படித்தேன். லெக்கா கேட்டுக் கேலி செய்தவர்களும் கைதட்டினார்கள்.

முத்திரை வைத்த பேட்டண்ட் பத்திரம் வந்து சேர்ந்தது ஆடி மாதத்தில். கவரை முதலாளியின் மேஜைமேல் வைத்துவிட்டு, ஆவணி வரை பிரிக்கமாட்டார் என்று நான் திரும்பி நடந்தேன். பின்னால் கவர் கிழியும் சத்தம் கேட்டது.

“சார், ஆடி!”

“இது என்ன புதுசா அம்மிணி?” என்றார் பத்திரத்தை விரித்தபடி. “நீ எப்பவோ ஆரம்பிச்சுப்போட்டயே.”

அந்த வெள்ளிக்கிழமை பத்திரத்தைத் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு கோயிலுக்கு வந்தார். நல்ல கூட்டம். நான் பழக்கதோஷத்தில் பூக்கடைப் பக்கமே நின்றுவிட்டேன். அங்கே நின்று கேட்காவிட்டால் எனக்குத் திருப்தி வராது. தூரத்தில் பூசாரி முதலாளியிடமிருந்து தட்டை வாங்குவது தெரிந்தது. பல வருஷமாக அவர் தட்டு கொடுத்தால் கம்பெனிப் பெயருக்குத்தான் அர்ச்சனை. பூசாரிக்கும் அது பாடம். ஆனாலும் அன்று முதலாளி குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னார். பூசாரி மைக்கை வாயருகில் கொண்டுபோனார்.

என் பெயர் வந்தது. ரோகிணி நட்சத்திரம் என்று பின்னாலேயே வந்தது. என் தூணிலிருந்து, நான் போட்ட எண்கள் வழியாக, கடைசி எழுத்துவரை சிதறாமல் பூக்கடைக்கு வந்து சேர்ந்தது. இத்தனை வருஷம் தெருவில் உள்ள அத்தனை பேர் பெயரையும் அதில் கேட்டிருக்கிறேன். என் பெயரைக் கேட்டதில்லை.

பூக்கார அம்மா கட்டிக்கொண்டிருந்த பூவை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். “அக்கா, யாரு பேரு அது? புதுசா இருக்கே.”

“என் பேருதான்” என்றேன்.

எதிரே மருத்துவமனை மாடியில் ஒரு ஜன்னல்கூடத் திறக்கவில்லை.